சுவரைத் தட்டிப் பார்க்கிற ஆளைத் தேடுங்கள்

யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க ஆள் பிடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை

ஆனி பிறந்துவிட்டால் குடாநாட்டில் நல்ல பெயின்ரர் ஒருவரைப் பிடிப்பது பெரும்பாடு. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் வேலை முடிய வேண்டும். கனடாவிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. ஆவணியில் மகளின் கல்யாணம். கடைகளில் நிறம் கலக்கும் மெஷினுக்கு ஓய்வில்லை. பெயின்ரரின் தொலைபேசிக்கும் ஓய்வில்லை. "அண்ணை, சதுர அடிக்கு எவ்வளவு? எத்தனை நாளில முடிப்பியள்?" இந்த இரண்டு கேள்வியோடு பேச்சு முடிந்து, மறுநாள் காலையில் வாளியும் றோலரும் வளவுக்குள் வந்துவிடும்.

இரண்டு மாரி கழியட்டும். விறாந்தைச் சுவரின் அடிப்பகுதியில் கொப்புளம் கிளம்பும். விரலால் அழுத்தினால் உள்ளே வெள்ளைப் பொடி. குசினிப் பக்கத்தில் பெயின்ற் தோலாக உரிந்து தொங்கும். வீட்டுக்காரர் பெயின்ற் கம்பனியைத் திட்டுவார், பெயின்ரர் கிணற்றுத் தண்ணீரைக் குறை சொல்வார். ஆள் பேசிய அன்றைக்கு யாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: "நிறம் அடிக்க முன்னம் சுவருக்கு என்னென்ன செய்வியள்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் பெயின்ற் பழுதாவதற்குக் காரணம் பெரும்பாலும் நிறத்துக்கு அடியில்தான் இருக்கிறது. ஆகவே நாம் ஆள் பிடிக்க வேண்டியதும், காசு கொடுக்க வேண்டியதும் அந்த அடிவேலைக்குத்தான்.

நான்கு பகுதி, நான்கு சுவர்

குடாநாடு சிறியதுதான். ஆனால் ஒரு பகுதியில் கெட்டிக்காரராக இருக்கிற பெயின்ரர் இன்னொரு பகுதியின் சுவரைப் பார்த்துத் திகைக்க இடமுண்டு.

வலிகாமத்தில் செம்மண். கோப்பாய், உரும்பிராய், இணுவில், சுன்னாகம் பக்கங்களில் வெளிச்சுவரின் கீழ் இரண்டு அடியும் மதிலும் மாரி மழையில் தெறித்த மண்ணால் சிவந்து கிடக்கும். சோளகம் வீசுகிற மாதங்களில் அதே மண் தூசாகப் பறந்து, மேல்சுவரில் ஒட்டும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற சுவரைக் கையால் தடவினால் உள்ளங்கை செந்நிறமாகும். அந்தத் தூசுக்கு மேல் அடித்த பெயின்ற் தூசைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், சுவரை அல்ல.

வடமராட்சியில் உப்புக் காற்று. பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கரையோர வீடுகளில் சுவருக்கு முன்னமே கேற்றும் ஜன்னல் கிறிலும் துருப்பிடித்துவிடும். துருவைச் சுரண்டி எடுக்காமல் மேலே எனாமல் பூசினால் ஒரு வருடம்கூட நில்லாது. இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காய்ந்த அன்றே துருத் தடுப்புப் பிறைமர் பூச வேண்டும். ஓர் இரவு பூசாமல் விட்டாலும் காற்றிலுள்ள உப்பு மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.

தென்மராட்சியில் நிழல். மீசாலை, கொடிகாமம் பக்கத்து மா, பலா, தென்னைச் சோலைகளுக்குள் இருக்கிற வீடுகளின் சுவர் மாரிக்குப் பிறகு லேசில் காயாது. பாசியும் கறுப்புப் பூஞ்சணமும் படரும். அதைச் சுரண்டிவிட்டு அடித்தால் சில மாதங்களிலேயே மறுபடி எட்டிப் பார்க்கும். பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்தையோ வெளிற்றும் தூள் கரைசலையோ அடித்து, ஊறவிட்டு, கழுவி, வெயிலில் காயவைத்த பிறகுதான் அடுத்த வேலை.

தீவகத்தில் தண்ணீரே பிரச்சினை. வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவுப் பக்கங்களில் பல கிணறுகள் உவர். சாந்து குழைத்ததும் அந்தத் தண்ணீர், சுவரை நனைத்ததும் அந்தத் தண்ணீர் என்றால் சுவருக்குள் உப்பு கட்டும்போதே புகுந்துவிட்டது. அதற்கு மேல் எமல்ஷனைக் கரைப்பதற்கும் அதே கிணற்றில் வாளியை விட்டால் பெயின்றுக்குள்ளும் உப்பு சேரும். குடிக்க வைத்திருக்கிற தண்ணீரில் இரண்டு குடம் பெயின்றுக்கு ஒதுக்குவது வீண்செலவல்ல.

உப்பு பூக்கிற விதம்

"உவர் பூத்திட்டுது" என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குள் நடப்பது இதுதான். நிலத்திலிருந்தோ கூரை ஒழுக்கிலிருந்தோ ஈரம் சுவருக்குள் ஏறுகிறது. கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளிப்பக்கம் வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் பளிங்காகத் தங்கி வளர்கிறது. அந்த வளர்ச்சி பெயின்றை உள்ளிருந்து தள்ளி உரிக்கிறது. ஆகையால் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்றாக இருந்தாலும் ஈரம் வரும் வழியை அடைக்காதவரை தோற்கும்.

உப்பு பூத்த சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவுவது பலர் செய்யும் தவறு. பூத்த உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். பிறகு இரண்டு, மூன்று கிழமை காத்திருந்து, மறுபடி பூக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூத்தால் ஈரம் இன்னும் வருகிறது. அப்போது கூப்பிட வேண்டியவர் மேசன், பெயின்ரர் அல்ல. இதை நேர்மையாகச் சொல்லி, "அண்ணை, இப்ப அடிக்க வேண்டாம்" என்று வந்த வேலையைத் தள்ளிப்போடுகிற பெயின்ரர் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.

சுண்ணாம்பு வீடும் சீமெந்து வீடும்

நம்முடைய பழைய நாற்சார் வீடுகள் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுந்தவை. குடாநாட்டின் அடித்தளமே சுண்ணாம்புக்கல். அதை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் சூட்டில் எரித்து நீற்றினால் சுண்ணாம்பு. சுவரில் பூசியதும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை இழுத்து மெதுவாகத் திரும்பவும் கல்லாகிறது. அந்தச் சுவர் மாரியில் ஈரத்தை வாங்கி, கோடையில் வெளியே விடும். வருடத்துக்கு ஒருமுறை வெள்ளை அடித்து வந்த காலத்தில் அந்தப் போக்குவரத்துக்குத் தடை இருக்கவில்லை.

1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கிய பின் சுவர்கள் மாறின. யுத்தம் 1990இல் அந்தத் தொழிற்சாலையை நிறுத்தியது. தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் சீமெந்து கிடைப்பதே அரிதாயிற்று. ஆகவே இன்று ஒரே வீட்டில் மூன்று காலத்துச் சுவர்கள் இருக்கக் காணலாம்: பேரன் காலத்துச் சுண்ணாம்பு, தகப்பன் காலத்துச் சீமெந்து, ஷெல் விழுந்த இடத்தை மூடிய பிற்காலத்துப் பூச்சு. மூன்றுக்கும் ஒரே பெயின்றை ஒரே முறையில் அடித்தால் மூன்றும் மூன்று விதமாகத்தான் நடந்துகொள்ளும்.

சுண்ணாம்புச் சுவரில் பளபளப்பான எமல்ஷனை அடிப்பது சுவரின் மூச்சை அடைப்பதுபோல. ஈரம் வெளியேற வழியின்றிச் சாந்தையே உதிர்க்கத் தொடங்கும். முழுச்சுவரும் சுண்ணாம்பு என்றால் மறுபடி சுண்ணாம்பே உத்தமம். அல்லது ஈரத்தை விடும் வகைப் பூச்சைக் கேட்டு வாங்க வேண்டும். சீமெந்துச் சுவரின் மேல் பல வருட வெள்ளை படை படையாக ஏறியிருந்தால், அதை அடியோடு சுரண்டி எடுத்த பின்தான் எமல்ஷன்.

புதுச் சீமெந்துப் பூச்சுக்கு வேறு விதி. ஆகக் குறைந்தது 28 நாளாவது அது ஆற வேண்டும். பச்சைச் சீமெந்தின் காரத்தன்மை மிகக் கடுமையானது. அவசரப்பட்டு அடித்தால் நிறம் திட்டுத் திட்டாக வெளிறும். காரத்தைத் தாங்கும் பிறைமர் முதலில் போக வேண்டும்.

2012 முதல் வடக்கு, கிழக்கில் ஏறத்தாழ 46,000 வீடுகளைக் கொடுத்த இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 550,000 ரூபா. அந்தப் பணத்தில் நிறம்வரை போக முடியாமல் நின்ற வீடுகள் பல. மயிலிட்டி 2017இல் விடுவிக்கப்பட்டது போல, வலிகாமம் வடக்கில் கட்டம் கட்டமாக விடப்பட்ட காணிகளில் திரும்பக் குடியேறியவர்களும் சுவரை எழுப்பிவிட்டு நிறத்தைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு இப்போதுதான் முதல்முறையாகப் பெயின்ற் அடிக்கப் போகிறீர்கள் என்றால் பிறைமர் காசை மிச்சம் பிடிக்க நினையாதீர்கள். முதல் பூச்சு சரியாகப் பிடித்தால்தான் பின்னால் அடிக்கிற ஒவ்வொரு பூச்சும் நிற்கும்.

வளவுக்குள் வந்ததும் என்ன செய்கிறார்?

ஆளை எடைபோட இதைவிட நல்ல வழி இல்லை. தொழில் தெரிந்தவர் நிறப் புத்தகத்தை எடுக்க மாட்டார். கூரைத் தாழ்வாரத்தையும் பீலியையும் அண்ணாந்து பார்ப்பார், தண்ணீர் எங்கே வழிகிறது என்று. பிறகு விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டு நடப்பார். கெட்டிச் சத்தம் வந்த இடத்தைத் தாண்டிப் போவார். பொள்ளென்று ஒலிக்கிற இடத்தில் நிற்பார். அங்கே பூச்சு கல்லை விட்டுக் கழன்றிருக்கிறது. அதைப் பென்சிலால் வட்டமிடுவார். உள்ளங்கையால் தடவி, ஒட்டுகிற தூளைப் பார்ப்பார்.

பழைய பெயின்ற் பிடிப்போடு இருக்கிறதா என்று அறியக் கத்தி நுனியால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி கீறி, அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒரே இழுவையில் இழுப்பார். நாடாவோடு பெயின்ற் வந்துவிட்டால் அந்தச் சுவரைச் சுரண்டியே ஆக வேண்டும். ஈரத்தில் சந்தேகம் என்றால், இரண்டு அடிச் சதுரமான பொலித்தீன் துண்டொன்றை நான்கு ஓரமும் அடைத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவார். மறுநாள் உட்பக்கத்தில் வியர்வைபோல் துளி பிடித்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. இதற்கெல்லாம் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நாமே செய்து பார்க்கலாம். ஆனால் கேட்காமலே செய்கிறவர்தான் நமக்கு வேண்டிய ஆள்.

எந்த மாதம்?

நமக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிவரை கொட்டிவிடுகிறது. தீபாவளிக்கு அடித்தால் வெளிச்சுவர் காயும் முன் மழை வந்து நிற்கும். பொங்கலுக்கு அடித்தால் மாரி முழுக்கக் குடித்த ஈரம் சுவருக்குள் இருக்கும். இந்த இரண்டு பண்டிகைக்கும் உள்ளறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, வெளிச்சுவரைப் பங்குனிக்குப் பிறகு ஒதுக்குவது புத்தி.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் ஆட்களின் அனுபவம். அந்த நாட்களில் காலை ஏழு மணிக்குத் தொடங்குகிற பெயின்ரர் பனி ஈரத்தின் மேல்தான் அடிக்கிறார். வெயில் ஏறிச் சுவர் உலரும்வரை பொறுக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் நிலைமை தலைகீழ். உச்சி வெயிலில் கொதிக்கிற சுவரில் பெயின்ற் பிடிக்கும் முன்னமே காய்ந்து, றோலர் தடம் தெரியும். காலையில் மேற்குச் சுவர், மத்தியானம் திரும்பிய பின் கிழக்குச் சுவர் என்று நிழலைத் தொடர்ந்து வேலை செய்கிறவர் விஷயம் தெரிந்தவர்.

கணக்கு

கூலிக்கு முன் பெயின்ற் கணக்கைப் பார்ப்போம். 10க்கு 12 அடி அறை, சுவர் உயரம் 10 அடி. நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. ஒரு கதவுக்கும் இரண்டு ஜன்னலுக்கும் 53 சதுர அடி கழித்தால் 387. இரண்டு பூச்சுக்கு 774. மட்டமான சுவரில் ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு பூச்சுக்குச் சுமார் 100 சதுர அடி ஓடும் என்று வைத்தால், எட்டு லீற்றர் போதும். இந்தக் கணக்கு கையில் இருந்தால், நான்கு லீற்றரில் அறையை முடித்துத் தருகிறேன் என்பவர் எவ்வளவு தண்ணீர் கலக்கப் போகிறார் என்பதும், 15 லீற்றர் கேட்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் விளங்கும்.

கூலியை மூன்று விதமாகப் பேசுகிறோம்: நாட்சம்பளம், சதுர அடிக் கணக்கு, சாமானோடு சேர்த்துக் கொந்தராத்து. சதுர அடிக் கணக்கில் சுரண்டுவதும் தேய்ப்பதும் பெயின்ரருக்கு நட்டமான நேரம். நிறம் ஏறினால்தான் காசு. ஆகவே அடிவேலை சுருங்கும். முழுக் கொந்தராத்தில் பிறைமர் ஒரு பூச்சு காணாமல் போக இடமுண்டு. என் பரிந்துரை: சாமானை நீங்களே வாங்குங்கள், சுரண்டல், பட்டி, பிறைமர் வேலைகளுக்கு நாட்சம்பளம் கொடுங்கள், இரண்டு நிறப் பூச்சுக்கு மட்டும் சதுர அடி பேசுங்கள். அப்போது சுவரோடு மல்லுக்கட்டுகிற நாட்களுக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு. அவசரப்பட அவருக்குக் காரணம் இராது.

2022இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தொட்டதும், மூலப்பொருளுக்கு இறக்குமதியை நம்பியிருக்கிற பெயின்றின் விலையும் ஏறியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. வாளியின் விலை இப்படி ஏறியிருக்கிற காலத்தில் அதை ஒட்டாத சுவரில் ஊற்றுவதைவிட, இரண்டு நாள் கூலி அதிகம் கொடுத்துச் சுவரைத் தயார்ப்படுத்துவது மலிவு.

வெளிநாட்டிலிருந்து வேலை கொடுப்பவர்களுக்கு

ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்துகொண்டு ஊர் வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பிக்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். வேலை முடிந்த பின் வருகிற வீடியோவில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். ஆகவே முடிந்த வீட்டின் படத்தைக் கேளாதீர்கள். சுரண்டி முடிந்த சுவரின் படம், பிறைமர் காய்ந்த சுவரின் படம், முதல் பூச்சின் படம் என்று மூன்றைக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு பணம் அனுப்புங்கள். நிறத்தைத் தொலைபேசித் திரையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டு அடிச் சதுரத்தில் சுவரிலேயே அடித்து, காலை வெயிலிலும் மாலையிலும் வீட்டில் இருப்பவர்கள் பார்க்கட்டும். தனியே இருக்கிற அம்மாவையோ சித்தப்பாவையோ வேலையாட்களோடு மல்லுக்கு நிற்க விடாதீர்கள். பேச்சு எல்லாம் முதலிலேயே எழுத்தில் இருந்தால் அவர்களுக்கு அந்தச் சுமை இல்லை.

பழைய கதவும் கிணறும்

பழைய எனாமல் பூசிய கதவு, ஜன்னல்களை வெறுமனே தேய்க்கும்போது பறக்கிற தூளில் ஈயம் இருக்கக்கூடும். இலங்கையில் பெயின்றிலுள்ள ஈயத்துக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் கட்டாய எல்லை நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரி 1இல்தான்: எமல்ஷனுக்குப் பத்து இலட்சத்தில் 90 பங்கு, எனாமலுக்கு 600 பங்கு. அதற்கு முந்திய பூச்சுகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்குகிறது. ஆகவே நனைத்துத் தேய்க்க வேண்டும். சிறுபிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வராமல் இருக்க வேண்டும். பெயின்ரருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

உதிர்ந்த துகளையும் தூரிகை கழுவிய தின்னரையும் கிணற்றடியில் கொட்டவே கூடாது. நமக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. நிலத்தடி நீர்தான் எல்லாம். வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல் மேலே கொட்டியதைக் கீழே விட்டுவிடும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய் 2019இல் தீர்ப்பானதைப் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. துகளைத் தாளில் விரித்து அள்ளிக் கட்டி அகற்ற வேண்டும் என்பதையும் பேச்சில் சேருங்கள்.

ஆள் பேசும்போது கேட்க வேண்டியவை

• இரண்டு வருடத்துக்கு முன் அடித்த வீடொன்றைக் காட்ட முடியுமா? போன மாதம் அடித்த வீடு எதையும் சொல்லாது.
• எந்தெந்தச் சுவரைச் சுரண்ட வேண்டும், எத்தனை நாள்?
• பிறைமர் எது, எத்தனை பூச்சு? பூச்சுக்கும் பூச்சுக்கும் எவ்வளவு இடைவெளி?
• பெயின்றுக்கு எவ்வளவு தண்ணீர் கலப்பீர்கள்? வாளியில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறதா?
• சாரம் கட்டுவது யார்? வீட்டுக்கு வரும் மின்கம்பிக்குப் பக்கத்தில் எப்படி வேலை செய்வீர்கள்?
• நீங்களே நிற்பீர்களா, வேறு ஆட்களை அனுப்புவீர்களா?
• அடுத்த மாரிக்குப் பிறகு உரிந்தால் வந்து பார்ப்பீர்களா?
• நிற இலக்கம் எழுதிய வாளி மூடியை வைத்துவிட்டுப் போவீர்களா?

முற்பணம் கால்வாசி, பிறைமர் முடிந்ததும் கால்வாசி, முதல் பூச்சுக்குப் பிறகு கால்வாசி, எல்லாம் முடித்துத் தரையும் ஜன்னலும் துடைத்த பின் மிச்சம். ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் கையொப்பம் வைத்தால் போதும்.

அந்தத் தொழிலுக்கு மரியாதை

ஏணியில் நாள் முழுக்க நிற்கிற இந்த ஆட்களில் பெரும்பாலானோருக்கு நாட்சம்பளம் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. மாரி மூன்று மாதமும் வெளிவேலை இல்லை. தொழிலைக் கண்ணால் பார்த்துக் கற்றவர்கள். கையில் சான்றிதழ் இராது. அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு நாட்டில் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டம் கட்டடத் தொழிலாளரைப் பதிவு செய்யவும் வழி செய்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் இவற்றை விசாரிக்கத் தொடங்கினால்தான் தொழிலாளரும் அதை நாடுவார்கள். சனசமூக நிலையங்கள் தங்கள் ஊரில் நல்ல வேலை செய்கிற பெயின்ரர்களின் பெயர்ப் பட்டியலொன்றை வைத்திருக்கலாம். செலவில்லாத, உடனே தொடங்கக்கூடிய காரியம் அது.

ஆகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலையைக் கொடுக்கும் பழக்கத்தால், சுவரைச் சுரண்டுகிற நல்ல தொழிலாளியை நாமே சந்தையிலிருந்து விரட்டிக்கொண்டிருக்கிறோம். அவர் விலை கூடச் சொல்வது அந்தச் சுரண்டல் நாட்களின் வேலைக்காக. நிறம் எதுவும் ஏறாத அந்த நாட்களுக்கு மனம்கோணாமல் சம்பளம் கொடுக்கிற வீட்டுக்காரர்கள் பெருகினால், தொழில் தெரிந்தவர்கள் இந்த மண்ணிலேயே நிலைப்பார்கள், நம் சுவர்களும் அடுத்த மாரியைத் தாங்கும். இந்த வருடம் ஆள் பேசும்போது விலையைக் கடைசியாகக் கேளுங்கள். சுவரைப் பற்றி முதலில் கேளுங்கள்.